உங்கள் ஊர் மருத்துவர் யாரிடம் கலந்து கேட்கிறார்? நாட்பட்ட நோய்ச் சிகிச்சையில் கூட்டுக் கற்றல் குழுக்கள்

பெரிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நீரிழிவு நோயாளியிடம், "இனி மாதாந்திரப் பரிசோதனையையும் மருந்துகளையும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பெற்றுக்கொள்ளலாம், ஆறு மாதத்திற்கு ஒருமுறை இங்கு வந்தால் போதும்" என்று கூறும்போது, குடும்பத்தார் பலரின் முகத்தில் ஒரு தயக்கம் தோன்றுவதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். சிலர் வாய்விட்டே கேட்டுவிடுவார்கள்: "அங்க இருக்கிற டாக்டருக்கு இதெல்லாம் தெரியுமாங்க?"

இக்கேள்வியில் தவறேதும் இல்லை. தம் தாய் தந்தையரை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் எவரும் கேட்க வேண்டியதுதான். அம்மருத்துவர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பதைக் காட்டிலும், படித்து முடித்த பின் எவரோடு சேர்ந்து தொடர்ந்து கற்கிறார் என்பதே நாட்பட்ட நோயாளிக்கு முக்கியம் என்பது என் கருத்து. அதை விளக்கவே இக்கட்டுரை.

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், நாட்பட்ட கல்லீரல் அழற்சி, ஆஸ்துமா, வலிப்பு நோய் போன்றவற்றைக் கவனிக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், களப்பணியாளர்கள் ஆகியோர் குறித்த நாளில் குறித்த நேரத்தில், பெரும்பாலும் காணொலி வழியாகக் கூடி, தம்மிடம் வந்துள்ள கடினமான நோயாளிகளைப் பற்றிக் கலந்து பேசிக் கற்கும் முறை இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. ஒருவர் மேடையில் நின்று பேச, மற்றவர்கள் குறிப்பெடுக்கும் வகுப்பன்று இது. பங்கேற்போர் அனைவரும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்பவர்கள். ஒருவர் எதிர்கொண்ட சிக்கலை மற்றொருவர் சென்ற மாதம் எதிர்கொண்டிருப்பார். இவற்றைக் கூட்டுக் கற்றல் குழுக்கள் எனலாம்.

குடல்வால் அழற்சி வந்தவருக்கு ஓர் அறுவை மருத்துவர், ஓர் அறுவை அரங்கு, சில நாள் ஓய்வு போதும். நீரிழிவு அத்தகையதன்று. ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். சிறப்பு மருத்துவரை ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் சந்திப்பதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஒரு மணி நேரமே. எஞ்சிய 8,759 மணி நேரமும் நோய் உங்களோடு உங்கள் வீட்டில் இருக்கிறது. அக்காலத்தில் உங்களுக்கு அருகில் இருப்போர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும், கிராம சுகாதாரச் செவிலியரும், மருந்துக் கடைக்காரரும்தாம்.

2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தம் உள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உள்ளோரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. மருந்து கிடைக்காமையே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் அரசு நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமக்கு நோய் இருப்பதையே அறியாதோர் ஒருபுறம். அறிந்தும் மருந்தை இடையில் நிறுத்தியோர் மறுபுறம். மருந்தை ஒழுங்காக உட்கொண்டும் அதன் அளவோ வகையோ மாற்றப்படாமல் ஆண்டுக்கணக்கில் அதே சீட்டைக் கொண்டு திரிவோர் இன்னொருபுறம். இம்மூன்றாம் வகையினருக்குத்தான் மருத்துவரின் தொடர் கற்றல் நேரடியாகப் பயன்படுகிறது.

மருத்துவ அறிவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகளின் பெயர்களை உங்களில் பலர் உங்கள் சீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். இவை முதலில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளாகவே அறிமுகமாயின. 2015-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, நீரிழிவும் இதயநோயும் சேர்ந்து உள்ளவர்களிடம் எம்பாக்ளிஃப்ளோசின் இதயநோயால் நேரும் இறப்பைக் குறைப்பதைக் காட்டியது. 2019-இல், நீரிழிவே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் டபாக்ளிஃப்ளோசின் உதவுவது தெரியவந்தது. 2020-இல் அதன் காப்புரிமை இந்தியாவில் முடிவடைந்து விலை வெகுவாக இறங்கியதும், எளிய குடும்பத்தினரும் வாங்கக்கூடியதாயிற்று. 2010-இல் எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர் கல்லூரியில் இவற்றைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அதே வேளையில், வாந்தி, வயிற்றுப்போக்கு, பட்டினி நேரும் நாட்களில் இம்மாத்திரைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதையும், தவறினால் சர்க்கரை அளவு அதிகமாக இல்லாதபோதுகூட இரத்தத்தில் அமிலம் மிகும் கீட்டோஅசிடோசிஸ் என்னும் ஆபத்து நேரலாம் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். மருந்து நிறுவனப் பிரதிநிதியின் வண்ணத் தாளில் முதற்செய்தி பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவது செய்தி எந்த எழுத்தில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நியூ மெக்சிகோவில் தொடங்கிய வழி

இத்தகைய குழுக்களுள் இன்று உலகெங்கும் அறியப்பட்டது 'எக்கோ' எனப்படும் திட்டம். இது 2003-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் தொடங்கியது. இந்தியாவில் மருத்துவப் பட்டம் பெற்று, ஆல்புகெர்க்கி நகரில் உள்ள நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சஞ்சீவ் அரோரா என்னும் இரைப்பை, கல்லீரல் சிறப்பு மருத்துவர் இதை உருவாக்கினார்.

அம்மாநிலம் பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல் இரு மடங்குக்கும் மேல். மக்கள்தொகையோ ஏறத்தாழ 20 லட்சம்தான். அங்கு ஹெபடைட்டிஸ் சி என்னும் கல்லீரல் அழற்சி பரவலாக இருந்தது. இந்நோய் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி இருந்து, கல்லீரல் சுருக்கத்திலும் சிலருக்குக் கல்லீரல் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடியது. அப்போதைய சிகிச்சை இன்றுள்ளதைப் போல் எளியதன்று. வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, அதனுடன் நாள்தோறும் ரிபாவிரின் மாத்திரை. பலருக்கு 48 வாரங்கள் தொடர வேண்டும். இரத்தசோகை, காய்ச்சல், கடும் மனச்சோர்வு எனப் பக்க விளைவுகள் பல. ஆதலால் சிற்றூர் மருத்துவர்கள் அதைத் தொடவே அஞ்சினர். நோயாளிகள் ஆல்புகெர்க்கி வரை 400 கிலோமீட்டர்கூடப் பயணம் செய்தனர். முதற்சந்திப்புக்கே எட்டு மாதம் காத்திருந்தனர். அவ்வளவு தொலைவை மீண்டும் மீண்டும் கடக்க இயலாத பலருக்குச் சிகிச்சை என்பதே எட்டாததாயிற்று.

அரோரா புதிய மருத்துவமனை கட்டவில்லை. நோயாளியைத் திரையில் பார்த்து மருந்து எழுதும் தொலைமருத்துவத்தையும் நாடவில்லை. திரையில் ஒரு மணி நேரத்தில் நான்கு நோயாளிகளைப் பார்த்தாலும் வரிசை குறையாது என்பது எளிய கணக்கு. மாறாக, சிற்றூர் மருத்துவர்களை வாரம் ஒருமுறை காணொலியில் கூட்டி, அவர்கள் தம் நோயாளிகளைப் பற்றி எடுத்துரைக்க, சிறப்பு மருத்துவர்களும் பிற ஊர் மருத்துவர்களும் கலந்து ஆலோசனை கூறும் ஏற்பாட்டைச் செய்தார். ஓராண்டு இவ்வாறு பங்கேற்ற மருத்துவர் தம் ஊரில் இந்நோய்க்கு நம்பத்தக்கவராகிவிடுவார். அதன்பின் அவரிடம் வரும் அடுத்த நோயாளிகளுக்கும் அந்த அறிவு பயன்படும்.

இம்முறை உண்மையில் பயனளித்ததா என்பதை அவர்களே அளந்து, 2011-இல் முன்னணி மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். மொத்தம் 407 நோயாளிகள். பல்கலைக்கழக மருத்துவமனையில் சிறப்பு மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற 146 பேரில் 57.5 விழுக்காட்டினர் குணமடைந்தனர். சிற்றூர் நிலையங்களிலும் சிறைச்சாலைகளிலும் எக்கோ வழிப் பயிற்சி பெற்றவர்களிடம் சிகிச்சை பெற்ற 261 பேரில் 58.2 விழுக்காட்டினர் குணமடைந்தனர். புள்ளியியல் நோக்கில் இரண்டும் சமமே. கடுமையான பக்க விளைவுகள் முதற்குழுவில் 13.7 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 6.9 விழுக்காடு.

இவ்வெண்களை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். யார் எங்கு சிகிச்சை பெறுவது என்பது இவ்வாய்வில் குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை. ஆதலால் சிற்றூர்ச் சிகிச்சையே மேல் என்று கூற இடமில்லை. ஆயினும், கடினமான ஒரு சிகிச்சையை வீட்டருகிலேயே பெருநகர மருத்துவமனைக்குக் குறையாத தரத்தில் அளிக்க இயலும் என்பதை இது காட்டிவிட்டது. நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் அதுவே முக்கியமான செய்தி.

ஒரு கூட்டம் எவ்வாறு நடைபெறுகிறது

இக்கூட்டங்கள் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் நடைபெறும். தொடக்கத்தில் ஒரு சிறு பாடம். பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் கேட்போரின் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைவதை எவரும் காணலாம். எனவே நல்ல குழுக்கள் அதைச் சுருக்கமாகவே வைத்துக்கொள்கின்றன. எஞ்சிய நேரம் முழுவதும் நோயாளிகளுக்கு உரியது. ஒருவர் தம் நோயாளியின் நிலையை ஐந்து நிமிடத்தில் எடுத்துரைப்பார். அதன்பின் உடனே விடை சொல்லாமல், முதலில் கேள்விகள் கேட்கப்படும். அதிலும் பிற ஊர்ப் பணியாளர்கள் முதலிலும் சிறப்பு மருத்துவர்கள் பின்னரும் கேட்பது மரபு. ஆலோசனைகளும் அதே வரிசையில் வரும். இந்த வரிசை அற்பமானதன்று. சிறப்பு மருத்துவர் முதலில் பேசிவிட்டால் பிறர் வாய் திறக்க மாட்டார்கள்.

இக்குழுக்களில் அடிக்கடி எழக்கூடிய ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். இங்குக் கூறப்படும் நோயாளி கற்பனையானவர், சிக்கல் உண்மையானது. 56 வயதுப் பெண்மணி; 12 ஆண்டுகளாக நீரிழிவு. காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 10.4. ஆறு மாதத்தில் மூன்று முறை இன்சுலின் அளவைக் கூட்டியும் சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் சில நாட்களில் மட்டும் விடியற்காலையில் வியர்த்து, படபடத்து, சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடுகிறது. "அளவை மேலும் கூட்டுவதா, குறைப்பதா?" என்பது அவ்வூர் மருத்துவரின் கேள்வி.

இன்னோர் ஊர் மருத்துவர், சிறுநீரகச் செயல்பாடு பரிசோதிக்கப்பட்டதா என்று கேட்கிறார். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கும். பரிசோதிக்கப்பட்டுள்ளது, இயல்பாகவே உள்ளது. மருந்தாளுநர் ஒருவர், அவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உண்டா, இல்லையெனில் குப்பியை எங்கே வைக்கிறார் என்று கேட்கிறார். ஓட்டு வீட்டின் சன்னல் திட்டில் சித்திரை வெயிலில் இருக்கும் இன்சுலின் வீரியம் இழந்துவிடும். ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானை வைத்து அதில் பாதுகாக்கும்படி தம் ஊரில் சொல்லிக்கொடுப்பதாகவும் கூறுகிறார். அடுத்து ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் பேசுகிறார்: "அவங்க எந்த இடத்துல ஊசி போட்டுக்கறாங்கன்னு தொட்டுப் பாத்தீங்களா, சார்?"

இன்சுலினை நாள்தோறும் ஒரே இடத்தில், அதுவும் ஒரே ஊசியைப் பலமுறை பயன்படுத்திப் போட்டுக்கொண்டால், அங்கு தோலுக்கடியில் கொழுப்புத் திரண்டு தடித்துவிடும். வலி குறைவாக இருப்பதால் நோயாளி அவ்விடத்தையே விரும்புவார். ஆனால் தடித்த இடத்திலிருந்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை. ஒருநாள் பாதி, மற்றொருநாள் முழுதும் எனத் தாறுமாறாக இரத்தத்தில் கலக்கும். சர்க்கரை ஒருபக்கம் ஏறியும் சில நாள் திடீரெனத் தாழ்ந்தும் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கண்ணால் பார்த்தால் தெரியாமல் போகலாம். விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிறப்பு மருத்துவரின் பங்கு வருகிறது. ஊசி போடும் இடத்தை மாற்றச் சொன்னால் மட்டும் போதாது; மாற்றும் அன்றே இன்சுலின் அளவையும் குறைக்க வேண்டும். ஏனெனில், உறிஞ்சப்படாமல் வீணானதை ஈடுசெய்யக் கூட்டப்பட்ட அளவு, நல்ல தோலில் செலுத்தப்பட்டால் முழுமையாக வேலை செய்து, சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும். எவ்வளவு குறைப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதிப்பது என்பதை அவர் கூறுகிறார். இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் ஊசியிடம் தடித்திருப்பதாக உணர்ந்தால், இடத்தை நீங்களாகவே மாற்றிவிடாமல், முதலில் உங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டுங்கள்.

செவிலியர் இன்றேல் சிறப்பு மருத்துவர் அளவைக் கூட்டியிருக்கக்கூடும். சிறப்பு மருத்துவர் இன்றேல் செவிலியர் சொற்படி இடத்தை மாற்றிய பெண்மணி மறுநாள் மயங்கி விழுந்திருக்கக்கூடும். அன்றைய கூட்டத்தில் இருந்த முப்பது ஊர்ப் பணியாளர்களும் மறுநாள் தத்தம் நோயாளிகளின் வயிற்றையும் தொடையையும் தடவிப் பார்ப்பார்கள் என்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

உயர் இரத்த அழுத்தத்திலும் இவ்வாறே. மூன்று மாத்திரை கொடுத்தும் அழுத்தம் இறங்காத நோயாளியைப் பற்றிப் பேசும்போது, பக்கத்து ஊர்ப் பணியாளர் ஒருவர், "மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாரா?" என்று கேட்பார். டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. சிறுநீரகத்திற்கும் கேடு தருபவை. நோயாளி அதை மருந்தாகவே கருதாததால் சொல்லியிருக்க மாட்டார். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலுள்ள உப்பும் அவ்வாறே கணக்கில் வராமல் போகும்.

சிறப்பு மருத்துவர்களும் இக்கூட்டங்களில் கற்கிறார்கள். நாங்கள் எழுதிக்கொடுக்கும் மருந்து அவ்வூர் நிலையத்தில் இருப்பில் உண்டா, அதிகாலை வயலுக்குச் செல்பவர் எத்தனை மணிக்கு உணவு உண்பார், இரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்பவை எங்கள் பாடநூல்களில் இல்லை. குடும்ப மருத்துவர்களைச் சிறு குழுவாக அமர்த்தி, தம் நோயாளிகளைப் பற்றிப் பேசவைக்கும் வழக்கத்தை 1950-களிலேயே லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்னும் மருத்துவர் நடத்தியிருக்கிறார். காணொலி புதிது, கூடிப் பேசிக் கற்பது பழையது.

இந்தியாவில்

நம் நாட்டில் இம்முறை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது பஞ்சாபில். அங்கும் ஹெபடைட்டிஸ் சி ஊர்ப்புறங்களில் மிகுந்திருந்தது. 2016 ஜூன் மாதம் அம்மாநில அரசு கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்குள் இன்டர்ஃபெரான் காலம் முடிந்து, சில மாதங்களில் குணமாக்கும் மாத்திரைகள், இந்தியாவில் தயாரான குறைந்த விலை வடிவிலேயே கிடைக்கத் தொடங்கியிருந்தன. நோயாளிகள் அனைவரும் சண்டிகர் உயர் மருத்துவ நிறுவனத்திற்கு வர வேண்டும் என்றிருந்தால் அந்நிறுவனம் திணறிப்போயிருக்கும். ஆதலால் 22 மாவட்ட மருத்துவமனைகளிலும் 3 அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இருந்த பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்து, எக்கோ முறைக் காணொலிக் கூட்டங்கள் வழியாக அவர்களோடு தொடர்பில் இருந்தனர் சண்டிகர் கல்லீரல் மருத்துவர்கள். ஈராண்டில் சுமார் 48,000 பேர் சிகிச்சைக்குச் சேர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர். சிகிச்சைக்குப் பின் பரிசோதிக்கப்பட்டோரில் 91 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் கிருமி முற்றிலும் நீங்கியிருந்தது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநலத்திலும் போதை மீட்புச் சிகிச்சையிலும் பிற மாநில மருத்துவர்களுக்கு இவ்வகைக் கூட்டங்களை நடத்தி வருகிறது. திருவனந்தபுரத்தில் உள்ள பாலியம் இந்தியா நிறுவனம் நோய்தணிப்புச் சிகிச்சைக்கு இம்முறையைப் பயன்படுத்துகிறது. நம் மாநிலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, பணியிலுள்ள மருத்துவர்கள் தம் ஊரை விட்டு நீங்காமலேயே குடும்ப மருத்துவம் பயிலும் தொலைநிலைப் பட்டயப் படிப்பைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதைக் குறைத்து, ஊரிலேயே தீர்வு காண்பதை மிகுவிப்பதே அதன் நோக்கம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மருந்து கொடுத்துச் செல்கின்றனர். வாசலில் நின்று அவர்கள் காண்பது எந்த மருத்துவருக்கும் கிட்டாத செய்தி: மாத்திரை அட்டை பாதி தீர்ந்து கிடக்கிறதா, மருமகளின் மாத்திரையை மாமியார் உட்கொள்கிறாரா, கால் புண்ணை மறைக்கச் சேலையை இழுத்து விடுகிறாரா என்பவை. கூட்டுக் கற்றல் குழுக்களில் இவர்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து. மருத்துவர்கள் மட்டுமே கூடும் குழு பாதிக் குழுதான்.

எல்லைகள்

இம்முறையை மிகைப்படுத்திக் கூற நான் விரும்பவில்லை. ஹெபடைட்டிஸ் சி குறிப்பிட்ட காலச் சிகிச்சையில் குணமாகும் நோய். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் வாழ்நாள் முழுதும் தொடர்பவை. ஒன்றில் கண்ட வெற்றியை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த இயலாது. இக்குழுக்களில் பங்கேற்கும் மருத்துவர்களின் அறிவும் தன்னம்பிக்கையும் உயர்வதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன. நோயாளியின் சர்க்கரையும் அழுத்தமும் எவ்வளவு இறங்குகின்றன என்பதற்கான சான்று அந்த அளவுக்கு வலுவானதன்று.

நடைமுறை இடர்ப்பாடுகளும் உள்ளன. காலையில் நூறு புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் மதியம் ஒரு மணி நேரம் திரைமுன் அமர வேண்டுமானால், அந்த நேரம் அவருடைய பணி நேரமாகவே கருதப்பட வேண்டும். உணவு இடைவேளையில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் மூன்றாம் மாதமே வருகை பாதியாகிவிடும். பயிற்சி பெற்ற மருத்துவர் இடமாற்றம் பெற்றால் அவ்வூர் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதாகும். அவற்றைவிடப் பெரிய கேடு, குழுவை நடத்தும் சிறப்பு மருத்துவர் ஒரு மணி நேரமும் தாமே பேசுவது.

உங்கள் பங்கு

"என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்வார்களா?" என்று சிலர் அஞ்சக்கூடும். முறையாக நடத்தப்படும் குழுக்களில் நோயாளியின் பெயர், முகவரி, முகம் எதுவும் காட்டப்படுவதில்லை. வயது, பாலினம், நோய் விவரம், ஓர் எண் ஆகியவை மட்டுமே பகிரப்படும். புகைப்படம் தேவையெனில் உங்கள் ஒப்புதலைக் கேட்க வேண்டும். விருப்பமில்லையேல் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. குழு கூறுவது ஆலோசனையே. ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்பவர் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர், பொறுப்பும் அவருடையதே. "உங்களைப் பற்றி மற்ற மருத்துவர்களிடம் கலந்து கேட்கப் போகிறேன்" என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவருக்குத் தெரியவில்லை என்று கருத வேண்டாம். தெரிந்தவர்களே அவ்வாறு கேட்பார்கள்.

நீங்களாகவும் கேட்கலாம். மூன்று நான்கு மாதமாகச் சர்க்கரையோ அழுத்தமோ கட்டுக்குள் வரவில்லையெனில், "என் நிலையைப் பெரிய மருத்துவமனை மருத்துவர்களிடமோ உங்கள் குழுவிலோ கலந்து பேச முடியுமா, டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. சில வேளைகளில் அதுவே உங்களுக்கு ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் மிச்சப்படுத்தும்.

ஆனால் குழுவின் ஆலோசனை, அதற்கு அளிக்கப்படும் விவரத்தின் தரத்தையே சார்ந்தது. இங்கிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் விடுவிப்புச் சுருக்கத்தைப் பீரோவில் பூட்டி வைக்காமல், அதன் நகலை ஊர் மருத்துவரிடம் கொடுங்கள். தற்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; சித்த மருந்து, கடையில் வாங்கிய வலி மாத்திரை, உறவினர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சத்து மாத்திரை எதையும் விட்டுவிட வேண்டாம். வீட்டில் இரத்த அழுத்தம் பார்ப்பவர்கள், நாள், நேரம், அளவு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். நல்ல அளவுகளை மட்டும் தேர்ந்து எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு; மருத்துவருக்குப் பெரிதும் உதவுபவை மற்றவைதாம். இரண்டு நாள் மாத்திரை தவறியிருந்தால் அதையும் குறியுங்கள். கவனித்துக்கொள்பவர் மகளோ மருமகளோ எனில், மாதம் ஒருமுறையேனும் அவரும் உடன் வருவது நன்று. வீட்டில் உண்மையில் நடப்பதைப் பெரும்பாலும் அவரே அறிவார்.

இவையெல்லாம் காத்திருக்கக்கூடிய சிக்கல்களுக்கு. மார்பில் இறுக்கமான வலி, முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரெனச் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல், மூச்சுத் திணறல், சர்க்கரை தாழ்ந்து நினைவு தடுமாறுதல் ஆகியவை நேர்ந்தால் எந்தக் குழுவின் கருத்துக்கும் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். திடீரெனப் பார்வை மங்கினாலோ, காலில் புண் ஏற்பட்டு நிறம் கறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அப்போதும் அந்த மருந்துப் பையை மறவாமல் கையோடு எடுத்து வாருங்கள்.